ஒலிக்காத எழுத்துகள்

குர்முகி கற்கத் தொடங்கும் பெரியவர்களுக்கு முதல் நாளே ஓர் ஆறுதல் வார்த்தை கிடைக்கும். “எப்படி எழுதியிருக்கோ அப்படியே படிக்கலாம், ரொம்ப சுலபம்.” முப்பத்தைந்து எழுத்துகள், கொஞ்சம் உயிர்க்குறிகள், மூக்கொலிக்கு இரண்டு அடையாளங்கள், அவ்வளவுதான். இன்றைய பஞ்சாபிச் செய்தித்தாளுக்கு இந்த ஆறுதல் ஓரளவு பொருந்தும். ஆனால் பிராம்ப்டனிலோ சவுத்ஹாலிலோ பிறந்து, முப்பது வயதுக்கு மேல் எழுத்துப் பழக உட்காரும் ஒரு சீக்கியர் பெரும்பாலும் செய்தித்தாளுக்காக உட்காருவதில்லை. குரு கிரந்த சாஹிபைத் தன் கண்ணால் படிக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அந்த நூலுக்கு இந்த ஆறுதல் பொருந்தாது. பொருந்தாமல் போகும் இடத்தில்தான் உண்மையான வாசிப்பே தொடங்குகிறது என்பது என் வாதம்.

நான் சீக்கியன் அல்ல. இந்திய எழுத்துகளைக் கணினித் திரையில் ஒழுங்காக வரவைக்கும் வேலையோடு கொஞ்சம் மல்லுக்கட்டியவன். ஓர் எழுத்து தன் பிரதியை எப்படி நடத்துகிறது என்ற கேள்வியோடுதான் இதைப் பார்க்கிறேன்.

நூலின் முதல் பக்கத்தைத் திறந்தால் முதலில் இருப்பது எழுத்தே அல்ல. ஓர் எண்: 1. அதற்குப் பக்கத்தில் குர்முகியின் முதல் எழுத்தான ‘ஊடா’, வாய் திறந்து, கை நீட்டியபடி. இரண்டும் சேர்ந்த அந்த அடையாளத்தை ‘இக் ஓங்கார்’ என்று வாசிக்கிறார்கள். எந்த எழுத்துக்கூட்டலும் உங்களை அந்த ஒலிக்குக் கொண்டுபோகாது. யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். யூனிகோடில் அதற்குத் தனியாக ஒரே ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இதேபோல, பாடலின் தலைப்பில் ‘மஹலா’ என்ற சொல்லுக்குப் பின் 1 என்ற எண் இருந்தால் ‘ஒன்று’ எனப் படிப்பதில்லை, ‘முதலாம்’ எனப் படிக்கிறார்கள். பாடியவர் குரு நானக் என்று பொருள். ஆக, காதால் கேட்டு வைத்திருந்தால் மட்டுமே படிக்க முடிகிற விஷயங்கள் இந்த நூலில் உண்டு.

இதற்கு நேர் எதிரான விஷயங்களும் உண்டு. அதாவது, காதால் கேட்கவே முடியாமல் கண்ணுக்கு மட்டும் தெரிபவை. விஷயம் சூடுபிடிப்பது இங்கேதான்.

‘குர்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். குரு என்று பொருள். கிரந்தத்தில் இது மூன்று வடிவங்களில் வருகிறது. கடைசி எழுத்தின் கீழே உகரக்குறி போட்டு ‘குரு’. எதுவும் போடாமல் ‘குர’. கடைசி எழுத்துக்கு முன்னால் இகரக்குறி போட்டு ‘குரி’. (ஆமாம், முன்னால். ‘சிஹாரி’ எனப்படும் இந்தக் குறி எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும், ஒலியில் பின்னால் வரும். ‘கெ’ எழுதிப் பழகிய நமக்கு இது ஒன்றும் புதிதில்லை.) இன்றைய ஓதுதல் வழக்கில் இந்த மூன்றையும் பெரும்பாலும் ஒரே மாதிரி ‘குர்’ என்றுதான் சொல்கிறார்கள். கற்றுக்கொடுப்பவர் புதியவரிடம், “கடைசியில வர்ற குறியைக் கண்டுக்காதீங்க, அது சைலன்ட்” என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார்.

கண்டுக்காமல் விடச் சொன்ன அந்தக் குறிகள்தான் வேற்றுமை உருபுகள். உகரம் பெற்ற ‘குரு’ பொதுவாக எழுவாய், ஒருமை: குரு செய்தார். இகரம் பெற்றால் மூன்றாம் வேற்றுமையாகவோ ஏழாம் வேற்றுமையாகவோ இருக்கலாம்: குருவால், குருவில். குறியே இல்லாத ‘குர’ பல இடங்களில் ஆறாம் வேற்றுமை: குருவின். ‘ஆல்’, ‘இன்’, ‘இல்’ என்று நாம் வாய்விட்டுச் சொல்வதை, கிரந்தத்தின் மொழி ஒரு சிறு கோடாக ஓரத்தில் வைத்துவிட்டு மௌனமாகிவிடுகிறது. பேராசிரியர் சாஹிப் சிங் (1892–1977) இந்தக் குறிகள் வரும் முறையைத் தொகுத்து குர்பாணி இலக்கணமாக எழுதினார். அந்த அடிப்படையிலேயே முழு நூலுக்கும் ‘தர்பண்’ என்ற பத்துத் தொகுதி உரையைச் செய்தார். அவருடைய முடிவுகள் சிலவற்றோடு மாறுபடுகிறவர்கள் உண்டு. ஆனால் அவர் கேட்ட கேள்வி ஓர் உண்மையான வாசகரின் கேள்வி: ஒலிக்காத ஒன்றை எழுதியவர் ஏன் இத்தனை கவனமாக எழுத வேண்டும்?

ரோமன் எழுத்துக்கு எதிரான என் விமரிசனம் இந்த இடத்தில் நிற்கிறது. இன்று பல குருத்வாராக்களில் திரை இருக்கிறது. மேலே குர்முகி, கீழே ஆங்கில மொழிபெயர்ப்பு, இன்னும் கீழே ரோமன் வரி. ஊர் விட்டு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அது பெரிய கொடை, அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் ரோமன் வரிக்கு ஒரு தீராத சிக்கல் இருக்கிறது. மௌனக் குறிகளை விட்டுவிட்டால் இலக்கணம் போய்விடும். அவற்றை வைத்தால் படிப்பவர் ‘குரி’ என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவார், ஓதுதல் போய்விடும். இரண்டையும் ஒரே வரியில் அதனால் காப்பாற்ற முடியாது. ‘குருவால்’, ‘குருவின்’ என்ற வேறுபாடு அச்சுப்பிழை அளவுக்குச் சின்ன விஷயம் இல்லை. அருள் யாரிடமிருந்து வருகிறது, யார் வழியாக வருகிறது என்பதே சில இடங்களில் அந்த ஒரு கோட்டில் தொங்குகிறது. ரோமனில் ஓதுபவர் நன்றாகவே ஓதலாம். ஆனால் பொருளுக்கு அவர் என்றைக்கும் மூன்றாவது வரியிலிருந்து இரண்டாவது வரிக்குத்தான் தாவ முடியும், அதாவது இன்னொருவரின் மொழிபெயர்ப்புக்கு.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது. கேட்டலையே இந்த மரபு போற்றுகிறது. ஜப்ஜியில் கேட்டலின் பெருமைக்கென்றே நான்கு பத்திகள் உண்டு. எழுத்தறியாத எத்தனையோ பாட்டிமார் முழுப் பாடல்களையும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அவர்களைவிட எழுத்துக்கூட்டும் முப்பது வயதுக்காரர் என்ன உயர்த்தி?

உயர்த்தி எதுவும் இல்லை. ஆனால் அதே மரபு படிப்பதற்கென்று ஒரு சாதியை வைத்துக்கொள்ளவில்லை. 1945இல் ஏற்கப்பட்ட சீக்கிய நடத்தை விதித்தொகுப்பு, ஆண், பெண், சிறுவர், சிறுமி என ஒவ்வொருவரும் கிரந்தத்தைப் படிக்கும் அளவுக்கு குர்முகி கற்க வேண்டும் என்கிறது. பாட்டியின் கேட்டல் முழுமையானது, ஏனென்றால் அந்த மொழியின் நடுவில் அவர் வாழ்ந்தார். பேரனுக்கு அந்தச் சூழல் கிடைக்கவில்லை. அவருக்கு அந்தக் கோடுகள்தான் மிச்சம். பாட்டிக்குத் தேவைப்படாத இலக்கணம் பேரனுக்கு மூதாதை சொத்து.

சரி, இதைக் கற்றபின் சுலபமாகிவிடுமா? இல்லை, அடுத்த படி காத்திருக்கிறது. 1604இல் குரு அர்ஜன் தொகுக்க, பாய் குர்தாஸ் எழுதிய மூலப்படியில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. வரி முழுக்க ஒரே சங்கிலி. ‘லடிவார்’ என்பார்கள். சொல் பிரித்த அச்சுப் பதிப்புகள் பரவலானது இருபதாம் நூற்றாண்டில்தான். புள்ளி இல்லாத ஏட்டுச்சுவடியை நினைத்துக்கொண்டால் அந்தத் திணறல் நமக்கும் புரியும். இன்று லடிவார் வாசிப்புக்கு மீண்டும் ஆர்வம் கூடியிருக்கிறது. அடுத்தடுத்த சொற்களுக்கு வேறுவேறு வண்ணம் கொடுத்து உதவும் செயலிகள் வந்துவிட்டன. சங்கிலியை எங்கே வெட்டுவது என்று முடிவெடுக்கும்போது அந்தக் கடைசிக் குறிகளும் துணைக்கு வருகின்றன. ‘கண்டுக்காதீங்க’ என்று சொல்லப்பட்டவை வழிகாட்டிக் கற்களாகிவிடுகின்றன.

தொடக்கநிலையாளருக்கு நான் பரிந்துரைக்கும் பாடநூல் அந்த 1430 பக்கங்களுக்குள்ளேயே இருக்கிறது. ஆசா ராகத்தில் குரு நானக் இயற்றிய ‘பட்டி’. பட்டி என்றால் எழுதும் பலகை. எழுத்துக்கு ஓர் அடி, நம் ஆத்திசூடியைப் போல. குர்முகிக்கு ஒழுங்கு கொடுத்தவராக மரபு போற்றுவது இரண்டாம் குரு அங்கதை. அவருக்கு முந்தைய குருவே எழுத்துவரிசையைக் கவிதையாக்கியிருக்கிறார். அதில் எழுத்து ஒலியைக் கற்பிப்பதற்காக வரவில்லை. ஒவ்வோர் எழுத்தும் படிப்பவரை நிறுத்தி, கணக்குக் கேட்கிறது. மேலே கோடு மூடினால் ‘ஸ’, திறந்திருந்தால் ‘ம’ என்று இன்னும் தடுமாறிக்கொண்டிருக்கும் ஒருவர் அதை ஒரு மாலையில் நாலு அடி படிக்கலாம். வேகம் வேண்டாம். ஒவ்வொரு சொல்லின் கடைசியிலும் ஒரு நொடி நின்று, ஒலிக்காதது என்ன சொல்கிறது என்று பார்த்தால் போதும்.