மலையான கலைக்களஞ்சியம்

1768-இல் எடின்பரோவில் தொடங்கிய பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம், இனி அச்சில் வராது என 2012-இல் அறிவித்தார்கள். மின்வடிவில் அது தொடர்கிறது. அறிவிப்பை ஒட்டிக் கனடாச் சிற்பி கீ லாராமே, அதன் 24 தொகுதிகளை வரிசையாக நிறுத்தி மலைத்தொடராகச் செதுக்கினார். சிற்பத்தின் பெயர் ‘அதியூ’. விடைபெறுதல் என்று பொருள்.

படத்தில்தான் பார்த்தேன். தாள் விளிம்புகள் பாறையடுக்குகளாகவே தெரிகின்றன. உளியோசை ஓயாத மாமல்லபுரத்தில் இதை வைத்தாலும் நம் சிற்பிகள் நின்று பார்ப்பார்கள். ஆயினும் இவ்வளவு துக்கம் வேண்டுமா?

மின்னூல் கருவியின் மின்தாளைக் கவனியுங்கள். அதன் நுண்குமிழ்களில் வெள்ளைத் துகள்கள் நேர்மின்னேற்றமும் கறுப்புத் துகள்கள் எதிர்மின்னேற்றமும் பெற்றவை. மின்புலத்தின் திசைக்கேற்ப ஒன்று மேலே வரும், மற்றது அடியில் தங்கும். பக்கம் மாறும்போதுதான் மின்சாரம் தேவை. வந்த எழுத்து அப்படியே நிற்கும். காகிதத்தைப் போலவே, மேலே விழும் ஒளியை எதிரொளிப்பதால்தான் அதையும் படிக்கிறோம்.

இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் அதிரணசண்டக் குகைக்குச் செங்கற்பட்டிலிருந்து மாணவர்களை அழைத்துச் சென்றேன். ஒரே வடமொழிப் பாடல்கள் ஒரு சுவரில் பல்லவ கிரந்தத்திலும் மறுசுவரில் நாகரியிலும் உள்ளன. கல் உறுதியாகத்தான் இருக்கிறது. கிரந்தச் சுவரைப் படிக்கத்தான் எங்களில் ஒருவருக்கும் (எனக்கும்தான்) தெரியவில்லை.

மின்னூலுக்கும் இதே ஆபத்து உண்டு. எம்.எஸ்ஸி. படித்தபோது யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டச்சிட்ட என் தமிழ்க் கட்டுரையை அண்மையில் கணினியில் திறந்தேன். ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பையே வந்தது. அந்த அளவுக்கு லாராமேயின் துக்கம் நியாயம்தான்: அதன் அச்சுப்படி அலமாரியில் இன்றும் படிக்கும்படி இருக்கிறது.