கொல்லப்பட்டவரின் சாமி

தமிழில் இருண்ட குற்றப்படம் என்ற வகையே 1995இல் வந்த டேவிட் ஃபின்ச்சரின் 'செவன்' நமக்குக் கொடுத்த கொடை என்று கொஞ்ச காலமாக ஒரு பேச்சு நடக்கிறது. அதற்குத் தத்துவ ஆதாரமும் காட்டுகிறார்கள். மேற்கே பாவம் என்ற கருத்து இருக்கிறது, அதனால் அவர்களுக்குத் தீமையைப் பற்றிப் படமெடுக்க முடிகிறது. நமக்கு இருப்பது வினைப்பயன் மட்டுமே, ஆகவே தீமை நம் கதைகளை உறுத்தியதே இல்லை என்கிறார்கள். இது தவறான பேச்சு. எவ்வளவு தவறு என்பது தாமிரபரணிக் கரையில் நின்று பார்த்தால் தெரியும்.

'செவன்' பெரிய படம், அதில் மாற்றுக் கருத்து இல்லை. பெயரில்லாத நகரம், ஓயாத மழை, ஏழு பாவங்களை வரிசை வைத்துக் கொல்பவன், நூலகத்தில் இரவெல்லாம் தாந்தேயைப் புரட்டும் துப்பறிவாளர் சோமர்செட். கொலைகாரன் தன்னைக் கடவுளின் கருவி என்று முழுமனதாக நம்புகிறான், கடைசியில் அவன் நினைத்ததே நடக்கிறது. படத்தின் அச்சமெல்லாம் அங்கே இருக்கிறது. நம்மவர்கள் அதிலிருந்து மழையை எடுத்துக்கொண்டார்கள், டார்ச் வெளிச்சத்தை எடுத்துக்கொண்டார்கள், சவக்கிடங்கை எடுத்துக்கொண்டார்கள். அந்த நம்பிக்கையை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

சென்னை எடுத்த குற்றப்படங்களின் வரலாற்றை வாசகர் அறிவார். 'அந்த நாள்' (1954) கொலையைத் தேசத் துரோகக் கேள்வியாக்கியது. 'சிகப்பு ரோஜாக்கள்' (1978), 'மூடுபனி' (1980) இரண்டும் தீமையைப் பிள்ளைப் பிராயத்துக் காயமாக விளக்கி முடித்தன. 'ஆரண்ய காண்டம்' (2011) நகரத்தின் அழுக்கை அழகாகப் பார்த்தது. மிஷ்கினின் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' (2013) ஒரே இரவுக்குள் குற்றவுணர்வைச் சுமக்க வைத்தது. இந்த வரிசையில் நான் மதிக்கும் படம் அதுதான். ஆனால் அவரே 'சைக்கோ'வில் (2020) பவுத்தக் கதையின் அங்குலிமாலனை அழைத்து வந்து, அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு கிறித்தவப் பள்ளி ஆசிரியையின் கொடுமையை நிறுத்தினார். அவன் கடத்தி வைத்த தாகினி கொலைகாரன்மேல் காட்டும் இரக்கம் துணிச்சலான கற்பனை. தீமையின் ஊற்றை ஒரு வகுப்பறைத் தண்டனையில் கொண்டுபோய் வைத்தது சோம்பலான கற்பனை. மிஷன் பள்ளிகளால் எழுத்தறிந்த பாளையங்கோட்டைக்காரர் எவருக்கும் அந்தப் பள்ளிக்கூடம் ஒட்டாது.

இனி நெல்லைக்கு மேற்கே, மலையடிவாரத்துக்குப் போவோம். பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. அங்கே பட்டவராயன் சன்னதியில் பக்தர்கள் செருப்பைக் காணிக்கையாக வைக்கிறார்கள். பட்டவராயன் யார்? பிராமணனாகப் பிறந்த முத்துப்பட்டன். வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்கப் பூணூலைக் கழற்றினான், செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டான், மாமனாரின் மாட்டுக் கிடையைக் காக்கப்போய்க் கள்ளர் கையால் செத்தான். வில்லுப்பாட்டு அவனைப் பாடுகிறது. நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை இக்கதையைப் பதிப்பித்தபோது ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: அந்தப் பெண்களும் உண்மையில் பிராமணக் குழந்தைகளே, காட்டில் கிடைத்தவர்களைப் பகடை எடுத்து வளர்த்தான் என்று ஒரு பாடம் கதையைத் திருத்தியிருக்கிறது. சாதி மீறலைச் சமாதானப்படுத்தும் அந்தத் திருத்தக்காரரின் கை இன்றைக்கும் திரைக்கதைகளில் ஓய்ந்தபாடில்லை.

வில்லுப்பாட்டு என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கோயில் கொடை விழா நடக்கும் இரவில் குடம், உடுக்கை, ஜால்ராவோடு புலவர் பிறப்பிலிருந்து கதையை எடுக்கிறார். கொலை நெருங்க நெருங்க வீசுகோல் வில்லில் விழும் வேகம் கூடுகிறது. அந்த இடத்தில், கொல்லப்பட்டவர் விழும் அந்தக் கணத்தில், சாமிகொண்டாடிக்கு அருள் வருகிறது. கொன்றவன் யார் என்று ஊர் நடுவில் பாடப்படுகிறது. கொன்றவரின் வம்சத்தாரே பயந்து கும்பிட்டு வரி கொடுக்கும் கோயில்கள் இந்தப் பக்கம் உண்டு. துப்பறிவதற்கு அங்கே எதுவும் இல்லை, எல்லோருக்கும் எல்லாம் தெரியும். தெரிந்தும் ஊர் என்ன செய்தது என்பதுதான் இரவு முழுக்கக் கேட்கப்படும் கேள்வி. தீமை பற்றி இதைவிடக் கறாரான ஒரு கதைவடிவம் உலகில் வேறு எங்கே இருக்கிறது என்று காட்டட்டும்.

அதே ஆற்றங்கரையிலிருந்து நகரத்துக்குப் போனவர் புதுமைப்பித்தன். 'மகாமசான'த்தில் மவுண்ட் ரோடு நடைபாதையில் ஒரு பிச்சைக்காரர் சாகிறார், கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கிறது, ஒரு குழந்தை மட்டும் நின்று பார்க்கிறது. 'பொன்னகர'த்தில் கற்பு பேசுகிறவர்களின் முகத்தில் அறைகிறார். கடவுளையே சென்னைத் தெருவுக்கு இறக்கிக் கந்தசாமிப் பிள்ளையோடு காபி குடிக்க வைத்தார். நகர அவநம்பிக்கை, நம்பிக்கையின் தடுமாற்றம், கண்ணெதிரே நடக்கும் சாவு எல்லாம் 1940களிலேயே தமிழில் எழுதப்பட்டுவிட்டன. எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறையிருந்து 1947இல் விடுதலையான தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி'க்கு வசனம் எழுதியவர் இதே புதுமைப்பித்தன். கொலை, மஞ்சள் பத்திரிகை, சிறை, நட்சத்திரத்தின் வீழ்ச்சி என்று முழு இருட்டும் அவர் கையெட்டும் தூரத்தில் இருந்தது. அவரிடம் எழுதக் கேட்டது ஒரு ராஜா கதை. அந்த வேலைக்காகப் புனே போய், உடல் கெட்டு, 1948இல் இறந்தார்.

கவனிக்கப்படாத இன்னொரு கதையும் திருநெல்வேலி மாவட்டத்தில் கிடக்கிறது. 1923இல் சுட்டுக் கொல்லப்பட்ட செம்புலிங்கத்தைப் பற்றி டோனாவூர் மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1927இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். பொய் வழக்கால் கொள்ளைக்காரனானவன் கிறித்தவனாகிறான், மனம் மாறியவனுக்கும் துப்பாக்கிதான் முடிவு. மீட்பு கிடைத்த பிறகும் சட்டம் விடவில்லை என்ற அந்த முடிச்சைத் தமிழ் சினிமா சரியாக அவிழ்த்துப் பார்க்கவே இல்லை.

'சீவலப்பேரி பாண்டி' (1994) ஓரளவு நெருங்கி வந்தது. ஜூனியர் விகடனில் சௌபா எழுதிய தொடரைப் பிரதாப் போத்தன் படமாக்கினார். ஊர்ப் பெரியவர்கள் தூண்டிவிட்டுக் கொலை செய்தவன், அவர்களாலேயே கைவிடப்பட்டுச் சிறைக்குப் போகிறான், தப்பி வந்து கணக்குத் தீர்க்கிறான். பாண்டியாக நடித்த நெப்போலியனின் உடம்பில் அந்த ஏமாற்றம் நன்றாகவே தெரிந்தது. சீவலப்பேரி என்பது தாமிரபரணியும் சிற்றாறும் கூடுமிடம், பள்ளு பாடிய முக்கூடல், பேர்பெற்ற சுடலைமாடன் கோயில் இருக்கும் ஊர். மயானத்தைக் காக்கும் சாமியின் ஊரில் நடக்கும் கொலைக் கதை அந்தச் சாமியை ஏறெடுத்தும் பார்க்காமல் பழிவாங்கும் படமாகச் சுருங்கிப்போனது.

பிறகு வந்தது ஹரியின் காலம். 'சாமி' (2003) திருநெல்வேலியை மாநிலம் முழுக்கக் கொண்டுபோன படம், அதன் வேகத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அது செய்த காரியத்தைப் பாருங்கள். ஆறுச்சாமி என்ற போலீஸ் அதிகாரி வில்லனைக் கொன்று செங்கல் சூளையில் எரித்துவிடுகிறான், உலகத்துக்கு அந்த வில்லன் தலைமறைவு. தடயம் இல்லாத கொலையைக் காவல்துறைச் சீருடை செய்தால் அதற்குச் சாமி என்று பெயர்! வில்லுப்பாட்டில் கொல்லப்பட்டவர் தெய்வமானார், இங்கே கொன்றவர் தெய்வமாகிவிட்டார். தியேட்டரில் எழுந்த விசிலை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. ஏனென்றால் அந்தப் படத்துக்கு நாலு வருஷம் முன்புதான், 1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வு கேட்டு ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாக வந்த மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள்மேல் இதே ஊரில் தடியடி நடந்தது. கொக்கிரகுளத்தில் ஆற்றுக்குள் விரட்டப்பட்டுப் பதினேழு பேர் இறந்தார்கள், அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. நீரில் மூழ்கிச் செத்தார்கள் என்றது அரசுத் தரப்பு. வணிக சினிமா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. புதுமைப்பித்தன் கதையின் பெயரால் நெல்லையில் 'காஞ்சனை' திரைப்பட இயக்கம் நடத்திய ஆர்.ஆர். சீனிவாசன்தான் 'நதியின் மரணம்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார்.

மாரி செல்வராஜின் முதல் புத்தகத்தின் பெயர் 'தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்'. அவருடைய 'பரியேறும் பெருமாள்' (2018) காதல் படமாகவும் சாதிப் படமாகவும் நிறையப் பேசப்பட்டுவிட்டது. குற்றப்படமாக அதை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. கராத்தே வெங்கடேசன் நடித்த அந்தக் கிழவரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்த் திரையில் தீமையின் மிகப் பெரிய உருவம் அவர்தான் என்று துணிந்து சொல்வேன். குரலை உயர்த்துவதில்லை. பார்த்தால் பக்கத்து வீட்டுத் தாத்தா. சாதி மாறிக் காதலித்த பிள்ளைகளைக் கொல்கிறார், அதைக் குலசாமிக்குச் செய்யும் கடமையாகச் செய்கிறார். ஆற்றில் தன்னோடு குளிக்கும் பையனை நீருக்குள் அமுக்குகிறார். ஒவ்வொரு சாவும் விபத்தாக, தற்கொலையாக ஸ்டேஷன் காகிதத்தில் ஏறும். மாஞ்சோலைக்காரர்களும் மூழ்கித்தானே செத்தார்கள்.

'செவன்' கொலைகாரன் நோட்டுப் புத்தகங்களாக எழுதித் தள்ளுகிறான், உலகம் தன் பிரசங்கத்தைக் கேட்டாக வேண்டும் அவனுக்கு. இந்தக் கிழவருக்கு எதையும் அறிவிக்க வேண்டியதில்லை. அவர் யார் என்று தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும், அவர்களே தேடி வருவார்கள். அங்கே ஒருவனின் நம்பிக்கை பைத்தியமாகிறது, இங்கே ஒரு சமூகத்தின் நம்பிக்கை ஒருவரைத் தன் வேலைக்காரராக்குகிறது. நாயகன் பரியனைக் கொல்ல முடியாமல் போனதும் அவர் தண்டவாளத்தில் தலை வைக்கிறார். அது மனம் திருந்தியதால் வந்த சாவு அல்ல, கடமை தவறியதற்குத் தானே விதித்துக்கொண்ட தண்டனை. இந்த நேர்மைக்காகவே மாரி செல்வராஜைக் கொண்டாட வேண்டும். கொலைகாரனுக்குப் பிள்ளைப் பிராயத்துக் காயம் எதையும் அவர் தைத்துக் கொடுக்கவில்லை.

நகரமும் அந்தப் படத்தில் சரியாக விழுந்திருக்கிறது. திருநெல்வேலி 1994இலேயே மாநகராட்சி. சினிமாவுக்கு அது இன்னமும் அரிவாளும் வாழைத்தோப்பும்தான். பரியனின் இருட்டு சட்டக் கல்லூரி வகுப்பில் ஆங்கிலம் புரியாமல் உட்கார்ந்திருப்பதில் தொடங்குகிறது. படித்து மேலே வரலாம் என்று நம்பி வந்த ஊர், அவனுடைய அப்பாவின் வேட்டியை உருவித் தெருவில் ஓடவிடுகிறது. நகரத்தின் மேல் வைத்த நம்பிக்கை முறிவதைக் காட்ட மழை தேவைப்படவில்லை, திருநெல்வேலி வெயிலே போதுமாயிருந்தது.

'கர்ணன்' (2021) வில்லுப்பாட்டின் இலக்கணத்துக்கே போய்விட்டது. பஸ் நிற்காமல் போனதால் நடுரோட்டில் வலிப்பு கண்டு செத்த சிறுமி, காட்டுப்பேச்சியாகி முகமூடியோடு படம் முழுக்க நிற்கிறாள். இதை லத்தீன் அமெரிக்க மாய யதார்த்தத்தின் இறக்குமதி என்று எழுதியவர்கள் ஒரு கொடைக்கும் போகாதவர்கள். அவள் பேயாகிப் பழிவாங்குவதில்லை, தான் செத்ததற்கு ஊரிடம் பதில் கேட்டு நிற்கிறாள். ஆனால் பின்பாதியில் குதிரையும் வாளும் நாயகனின் ஆவேசமும் அவளை ஓரத்துக்குத் தள்ளிவிட்டன. தெய்வம் கேட்ட கேள்விக்கு நாயகன் வெட்டிப் பதில் சொன்னான்.

ஆகவே நம் குற்றப்படம் இனி எந்தத் திசையில் போக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. துப்பறிவாளனின் தோளுக்குப் பின்னாலிருந்தும் கொலைகாரனின் மூளைக்குள்ளிருந்தும் கேமராவை எடுத்து, கொல்லப்பட்டவரின் பக்கம் வைக்க வேண்டும். அதற்கான நகரம் கண்ணெதிரே இருக்கிறது. 2023இல் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவன், சக மாணவர்களால் வீட்டுக்குள் புகுந்து வெட்டப்பட்டான். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு மறு ஆண்டு தந்த அறிக்கையில், மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளையும் நெற்றிக் குறிகளையும் தடுக்கச் சொன்னது. எதிர்ப்பும் உடனே வந்தது, கயிறு கோயில் கயிறு என்றார்கள். கொடையில் கட்டிய காப்பும் சாதி காட்டும் கயிறும் ஒரே மணிக்கட்டில் ஒரே முடிச்சாகக் கிடக்கின்றன. எது சாமி, எது அரிவாள் என்று கட்டியிருக்கும் பையனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. இந்த மணிக்கட்டுக்கு அருகில் போய் நிற்கிற கேமராவுக்கு ஏழு பாவங்களின் பட்டியல் எதற்கு?

கிழவர் நீருக்குள் அமுக்கிய அந்தப் பையனைப் பற்றி 'பரியேறும் பெருமாள்' நமக்கு எதுவும் சொல்லவில்லை. அவன் எந்த ஊர், யாரைக் காதலித்தான், விபத்து என்று எழுதிய காகிதத்தில் அவன் அப்பன் எப்படிக் கையெழுத்துப் போட்டான், கிழவரிடம் சொல்லி அனுப்பியவர்கள் துட்டி வீட்டுக்கு வந்தார்களா என்பதெல்லாம் தெரியாது. அடுத்த படம் அவனுடைய பிறப்பிலிருந்து தொடங்கட்டும், புலவர் தொடங்குவதைப் போல.