பெயர் தெரியாதவருக்கு எழுதும் முறை

‘டு ஹூம் இட் மே கன்சர்ன்’ என்பது ஆங்கில அலுவலகக் கடிதங்களில் தேய்ந்துபோன ஒரு தலைப்பு. நம் ஊர் அனுபவச் சான்றிதழ்களின் தலையில் ‘ஹூம்சோயெவர்’ என்று இன்னும் கொஞ்சம் நீண்டு அது நிற்பதைப் பார்த்திருப்போம். படிக்கப்போகிறவர் யாரென்று எழுதுகிறவருக்குத் தெரியாது. ஆனாலும் ஆங்கிலக் கடிதம் யாரையாவது விளித்தே தொடங்கியாக வேண்டும். அந்தச் சங்கடத்துக்கு ஆங்கிலம் கண்ட வழி, ‘இந்த விஷயம் யாரைச் சேர்ந்ததோ அவருக்கு’ என்று பெறுபவரையே ஒரு நிபந்தனையாக்கிவிடுவது. சீனத்தில் இதற்கு ஈடாக நெடுங்காலமாக வழங்கும் தொடர் ‘ஜிங் ச்சி ஜெ’. மூன்றே எழுத்துகள்: முதலாவது மரியாதை, இரண்டாவது தெரிவித்தல், மூன்றாவது தமிழின் ‘-பவர்’ போன்ற ஒரு விகுதி. ‘பணிவுடன் தெரிவிப்பவர்’ என்று பொருள் கொள்ளலாம். ஆங்கிலத்தில் இருந்த ‘யாருக்கு’ இதில் இல்லை, ‘சேர்ந்ததோ’ என்ற ஐயமும் இல்லை. மூலத்தின் ஒரு சொல்கூட மிஞ்சாத இந்த மொழிபெயர்ப்பைத்தான் இருப்பவற்றுள் ஆகச் சிறந்தது என்று நினைக்கிறேன்.

காரணம், சீனக் கடிதம் தொடங்கும் விதத்தில் இருக்கிறது. நான்காம் நூற்றாண்டின் எழுத்தணிக் கலைஞர் வாங் ஷிஜி ஒரு நண்பருக்கு எழுதிய சிறு கடிதத்தின் பழைய நகல் தைபேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பனி பெய்து வானம் வெளுத்ததைச் சொல்லி நலம் விசாரிக்கும் அந்தக் கடிதம் மொத்தமே 28 எழுத்துகள். அதன் தொடக்கத்தில் நண்பரின் பெயர் இல்லை. எழுதியவர் தன் பெயரைச் சொல்லி, தலை தாழ்த்தி வணங்குவதாக எழுதுகிறார். முடிக்கும்போதும் அதே வணக்கம். நண்பர் இன்ன ஊர் இன்னார் என்பது கடைசி நான்கு எழுத்துகளில்தான் வருகிறது. இப்படி எழுதிப் பழகிய மரபில் கடிதத்தின் முதல் வேலை பெறுபவரைக் கூப்பிடுவதல்ல, எழுதுகிறவர் தாம் எந்த நிலையில் நின்று பேசுகிறார் என்று காட்டிக்கொள்வது. அங்கே பெறுபவரின் பெயர் தெரியாமல் போனால் கடிதத்தின் தலை காலியாகிவிடாது. வணங்குகிறவருக்குத் தன் பெயர் தெரியும், பணிவு தெரியும், அது போதும். ஆங்கிலம் சுற்றி வளைத்துச் சமாளித்த சிக்கல் சீனத்தில் எழவே இல்லை. ‘ஜிங் ச்சி ஜெ’ என்று எழுதியவர் மூலத்தின் சொற்களைக் கைவிட்டு, அந்த இடத்தில் தன் மொழி என்ன செய்யுமோ அதைச் செய்தார்.

இலக்கணம் அறிந்தவர்கள் இதை மறுப்பார்கள். ‘தெரிவிப்பவர்’ என்பது எழுதுகிறவரைக் குறிக்கும் சொல். அதன் பின்னே முக்காற்புள்ளி வைத்து, பெறுபவரை விளிப்பதுபோல் தனிவரியில் நிறுத்துவது தவறில்லையா? கேள்வி நியாயமானது. இரண்டாம் எழுத்தான ‘ச்சி’க்குத் திறத்தல் என்ற பொருளும் இருப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. கடித உறையில் பெறுபவர் பெயருக்குக் கீழே ‘ச்சி’ என்று மட்டும் எழுதினால் ‘இன்னார் பிரிக்கவும்’ என்றாகும். அங்கேயே பணிவைக் காட்டுவதாக நினைத்து ‘ஜிங் ச்சி’ என்று எழுதிவிட்டால், ‘பணிவோடு பிரி’ என்று பெரியவருக்கே உத்தரவு போட்டதாகிவிடும். கடிதம் எழுதக் கற்பிக்கும் சீன ஆசிரியர்கள் திரும்பத் திரும்பக் காட்டும் பிழை இது. கடிதத்தின் தலையில் நிற்கும் ‘ஜிங் ச்சி ஜெ’யையும் இன்று பலர் ‘மதிப்புக்குரிய பெறுநரே’ என்றுதான் புரிந்துகொள்கிறார்கள். ஆனால் இந்தத் தவறான புரிதலால் கடிதத்துக்கு எந்தச் சேதமும் இல்லை. பழைய பொருளில் படிப்பவருக்கு எழுதியவரின் வணக்கம் கிடைக்கிறது. புதிய பொருளில் படிப்பவருக்குத் தன்னை மதித்து விளித்த நிறைவு கிடைக்கிறது. இருவரையும் மரியாதையாக உள்ளே அழைக்கிற தொடரை இலக்கணத்தின் பெயரால் வெளியேற்ற வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது: இது செத்த நடை. 1917இல் ‘புதிய இளைஞர்’ இதழில் ஹூ ஷி எழுதிய இலக்கியச் சீர்திருத்தக் கட்டுரை தேய்ந்த தொடர்களை ஒழிக்கச் சொன்னது. அந்த அலைக்குப் பிறகு பேச்சு மொழியே எழுத்து மொழியாயிற்று. சீனப் பெருநிலத்தில் இன்று பலர் ‘மதிப்புக்குரிய ஐயா, அம்மையார்’ என்றே எழுதுகிறார்கள். இன்னும் நேராகப் போகிறவர்கள் ‘தொடர்புடையவர்களுக்கு’ என்று எழுதுகிறார்கள். இந்த இரண்டாவது, ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் தொட்டு வருகிறது. ஆனால் ‘தொடர்புடையவர்கள்’ என்ற சீனத் தொடர் அரசு அறிவிப்பிலும் செய்தித்தாளிலும் புழங்குவது. கடிதத்தின் தலையில் அதைப் பார்த்தால், ஏதோ விவகாரத்தில் நம்மையும் சேர்த்துவிட்டார்களோ என்ற நினைப்பு வரும். மூலத்தில் அந்த உறுத்தல் கிடையாது. பழமை என்ற குற்றச்சாட்டுக்கு ஹாங்காங் பதில் சொல்கிறது. 1974இல் சீனமும் அங்கே ஆட்சிமொழியாயிற்று. அலுவலகங்கள் ஆங்கிலத்துக்கு இணையாகச் சீனத்திலும் எழுதின. பள்ளிகள் பெற்றோருக்கு அனுப்பும் சாதாரணச் சுற்றறிக்கைகூட ‘ஜிங் ச்சி ஜெ’ என்றே தொடங்கும். சுற்றுலாவுக்குப் பணம் கட்டச் சொல்லும் தாளில் வாரந்தோறும் புழங்கும் சொல்லைச் செத்தது என்று எப்படிச் சொல்வது? பெறுபவருக்கான மரியாதையை அந்தக் கடிதங்கள் வேறிடத்தில் வைக்கின்றன. ‘தங்கள்’ என்று பொருள்படும் எழுத்துக்கு முன்னால் ஓர் எழுத்தளவு இடத்தை வெறுமையாக விட்டுவிடுவார்கள். பெருநிலத்துப் பள்ளிப் பிள்ளைகளும் கடிதத்தை முடிக்கும்போது ‘வணக்கம்’ என்ற சொல்லை அடுத்த வரிக்குக் கொண்டுபோய், உள்தள்ளாமல், இடது ஓரத்திலேயே தொடங்கப் பழகுகிறார்கள். மதிப்புக்குரிய சொல்லை உயர்த்தி வைக்கும் பழைய வழக்கத்தின் மிச்சம் அது. தலைப்புச் சொல்லை மட்டும் எடுத்து மொழிபெயர்ப்பைச் சோதிப்பவர்கள் இந்த வெற்றிடத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆனால் ‘ஜிங் ச்சி ஜெ’ எல்லா இடத்துக்கும் பொருந்தாது. சான்றிதழ் கடிதமல்ல, அதில் யாரும் யாரையும் வணங்குவதில்லை. சீனத்தில் ஊழியருக்குத் தரும் சான்றில் ‘ஜெங்மிங்’, அதாவது சான்று, என்ற சொல்லை நடுவில் தலைப்பாக எழுதிவிட்டு நேராக விஷயத்துக்கு வருவார்கள். முடிவில் ‘இதனால் சான்றளிக்கப்படுகிறது’ என்று ஒரு வரி. இங்கே ஆங்கிலத் தலைப்பை மொழிபெயர்க்காமல் விட்டுவிடுவதே நல்ல மொழிபெயர்ப்பு. அது செய்த வேலையைத் தலைப்பும் கடைசி வரியும் பகிர்ந்துகொள்கின்றன. மூலத்துக்கு உண்மையாக இருப்பதென்றால் இப்படித்தானா என்று கேட்பவர்கள் யென் ஃபூவை நினைத்துக்கொள்ளலாம். ஹக்ஸ்லியின் பரிணாம நூலைச் சீனத்தில் தந்த அவர், 1898இல் வெளிவந்த அந்நூலின் முன்னுரையில் மொழிபெயர்ப்பின் மூன்று கடினங்களைச் சொன்னார்: மூலத்துக்கு உண்மை, தெளிவாகச் சென்று சேர்தல், நடையழகு. உண்மையை முதலில் வைத்த அவரே, தன் வேலை கருத்தைக் கொண்டுசேர்ப்பது என்றும், மூலத்தின் சொல்வரிசையில் தான் நிற்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது எனக்கும் ஒரே ஓர் இடத்தில் சரியென்று படுகிறது. ஒரு நாவலில் முகமறியாத அலுவலகக் கடிதம் ஒன்று ஒருவர் கைக்கு வருகிறது. ‘யாரைச் சேர்ந்ததோ’ என்ற அந்த அலட்சியமே அவரைச் சுடுகிறது என்றால், அங்கே ‘ஜிங் ச்சி ஜெ’ போடுவது கதையைக் கெடுக்கும். அந்தப் பக்கத்தில் ‘தொடர்புடையவர்களுக்கு’ என்ற வறண்ட சொல்லே வேண்டும், அதன் உறுத்தலோடு சேர்த்து.