ஏற்றத்தைக் காட்டினர், இறக்கத்தை மறைத்ததேன்?

ஊரப்பாக்கத்தில் நம்மிடம் பயிலும் மாணவனொருவன், "ஐயா, பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுப் பந்து வீசப் போகிறேன்" என்றான். ஏன் தம்பி என்று கேட்டோம். 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற அமெரிக்கத் திரைப்படத்தைப் பார்த்தானாம். ஒரே வீச்சு, இலட்சம் டாலர், ஓடிற்று வறுமை! இந்த நம்பிக்கையை ஊட்டிய படத்தை ஆராய்ந்து பார்ப்பது நம் கடமையன்றோ?

2014இல் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட படம் அது. இசை நம் ஏ. ஆர். ரகுமான். கதை கற்பனையன்று. 2008இல் இந்தியாவில் பேஸ்பால் வீச்சுப் போட்டியொன்று நடைபெற்றது. பங்கேற்றோர் 37,000க்கும் மேற்பட்டோர். வென்றவர் உத்தரப்பிரதேசத்து ரிங்கு சிங்; சரக்குந்து ஓட்டுநரின் மகன்; உடன்பிறந்தாரோடு சேர்த்து ஒன்பது பிள்ளைகளில் ஒருவர். மணிக்கு 87 மைல் வேகத்தில் எறிந்தார். அவரோடு அமெரிக்கா சென்றவர் தினேஷ் பட்டேல். இருவரும் ஈட்டி எறிந்து பழகியவர்கள், பேஸ்பாலை அறியாதவர்கள். அதே ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. அரிய செயல்தான், மறுக்கவில்லை!

ஆனால் திரைக்கதை அந்த ஒப்பந்தத்தோடு முடிந்துவிடுகிறது. வாழ்க்கை அங்கேயா முடிந்தது? 2010இல் தினேஷை அணி விடுவித்தது. அவர் தாயகம் திரும்பினார். ரிங்கு கீழ்நிலை அணிகளில் படிப்படியாக முயன்றார். முழங்கைக் காயம் குறுக்கிட்டது. 2013 முதல் களமிறங்க இயலவில்லை. மேல்நிலை அணிக்காக இருவருமே ஒரு பந்துகூட வீசவில்லை. 2018இல் ரிங்கு மற்போர்க் காட்சி நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.இ.யில் சேர்ந்தார், 'வீர் மகான்' என்ற பெயரில் மேடையேறினார். படம் வெளிவந்தபோதே ஒருவர் ஊர் திரும்பிவிட்டார், மற்றவர் காயத்தோடு போராடிக்கொண்டிருந்தார். ஆனால் கதை ஏன் வாகை சூடிய நாளோடு நின்றுவிட்டது?

விடை படத்திலேயே இருக்கிறது. அதன் நாயகர் ரிங்குவுமல்லர், தினேஷுமல்லர். அவர்களைக் கண்டெடுத்த முகவர். அவருடைய கடன், அவருடைய காதல், அவருடைய மனமாற்றம் இவைதாம் கதை. கோடிக்கணக்கான மக்கள் வாழும் நாட்டில் புதிய சந்தை தேடி வந்தவர் அவர். ஒப்பந்தம் கையெழுத்தானதும் அவர் கதை நிறைவுற்றது. எறிந்த கையின் கதையோ அப்போதுதான் தொடங்கியது! சூரஜ் சர்மாவும் மதுர் மித்தலும் உயிரோட்டமாக நடித்திருக்கிறார்கள். எனினும் உழைத்தவன் ஓரத்திலும், விற்றவன் நடுவிலும் நிற்கும் படம் இது.

அமெரிக்காவில் கீழ்நிலை அணி ஆட்டக்காரர்கள் நெடுங்காலம் சொற்ப ஊதியமே பெற்றனர். 2022இல்தான் அவர்கள் தொழிற்சங்கத்தில் இணைந்தனர். 2023இல் முதல் கூட்டு ஒப்பந்தம் கிடைத்தது. அவர்களில் பெரும்பாலோர் மேல்நிலையை எட்டுவதேயில்லை. ஆகவே ரிங்குவும் தினேஷும் வீழ்ந்தது அவர்களின் தலைவிதியுமன்று, தகுதிக் குறைவுமன்று. பிள்ளைப் பருவம் முதல் பயின்றவர்களே தடுமாறும் தொழிலில், சில மாதப் பயிற்சியோடு இறக்கிவிடப்பட்டவர்கள் அவர்கள். அந்த அளவு தாக்குப்பிடித்ததே ஆற்றல்!

முப்பத்தேழாயிரம் பேரில் இருவரைத் தூக்கிக் காட்டி, "பார், அதிர்ஷ்டம்!" என்பது பரிசுச்சீட்டு விற்பவன் பேச்சு. எஞ்சியோர் என்ன ஆயினர் என்று கேட்பதே பகுத்தறிவு.

நம் மாணவனிடம் இதைத்தான் சொன்னோம்: "விளையாடு தம்பி, நன்றாக விளையாடு. ஆனால் கை ஓய்ந்த நாளில் உன்னைத் தாங்கக் கல்வி வேண்டும். அதை விட்டுவிடாதே." அவன் சிறிது நேரம் எண்ணிப் பார்த்தான். பிறகு, "அப்படியானால் ஐயா, நம் பள்ளிக்கு ஒரு நல்ல திடலும் பயிற்சியாளரும் வேண்டுமென்று கேட்கலாமே" என்றான்.

கேட்போம், தோழர்களே! ஒருவனுக்கு இலட்சம் டாலர் வேண்டாம். ஊர்தோறும் திடல் வேண்டும்.