எத்தனை கிலோ?

ஆம்பூரில் எனக்கு வேண்டிய பாய் ஒருவர் இருக்கிறார். வயது 62. டேனரியில் தோலைத் தரம் பிரிக்கும் வேலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, "இது ஷூவுக்கு ஆகும், இது லைனிங்குக்குத்தான்" என்று சொல்லிவிடுவார். ஐம்பது வயதில் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. வளைந்த ஹேண்டில்பார், ஒல்லி டயர், பத்து கிலோ ரோடு பைக். விடியற்காலை ஐந்து மணிக்குப் பெங்களூர் ஹைவேயில் ஒரு கோஷ்டியோடு வாணியம்பாடி வரை போய்த் திரும்புவார். ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி.

இப்போது முழங்கால் தகராறு. "ஓட்டுங்க, ஆனா முக்காதீங்க" என்றிருக்கிறார் டாக்டர். கோஷ்டியில் மற்றவர்களுக்கு முப்பது சொச்சம் வயது. மலை அடிவாரம் வந்ததும், "நீங்க மெதுவா வாங்க பாய்" என்று சொல்லிவிட்டு மறைந்துவிடுகிறார்கள். முழங்காலைவிட அந்த 'மெதுவா'தான் அவருக்கு அதிகமாக வலிக்கிறது.

"தம்பி, ஒரு எலெக்ட்ரிக் சைக்கிள் பார்க்கணும், கூட வர்றியா?" என்றார். வேலூர் போனோம்.

கடைப் பையன் நன்றாகப் பேசினான். த்ராட்டில் இருக்கு, டிஸ்ப்ளே இருக்கு, டிஸ்க் பிரேக் இருக்கு, மிதிக்கவே வேண்டாம் சார் என்றான். மிதிப்பதற்காக வந்தவரிடம் இதைச் சொல்கிறான்! பாய் எதையும் காதில் வாங்கவில்லை. குனிந்து, நடு பாரைப் பிடித்து ஒரு தூக்கு தூக்கினார். உடனே இறக்கி வைத்தார்.

"எத்தனை கிலோ?"

"அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க சார்."

வெளியே வந்ததும் பாய் சொன்னது: "நான் ஆட்டுத் தோல் கேட்டேன். அவன் எருமையக் காட்டறான்."

நம் ஊரில் விற்கிற எலெக்ட்ரிக் சைக்கிள்களில் பெரும்பாலானவை 20 கிலோவைத் தொடுகிறவை அல்லது தாண்டுகிறவை. குண்டு டயர், நிமிர்ந்து உட்காரும் சீட், மலையேறப் போகிற மாதிரி முன்பக்கம் ஒரு ஸ்பிரிங். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆபீஸ் போக உத்தமமான வண்டி, அதில் குறை சொல்ல மாட்டேன். நான் குறை சொல்வது வேறு. மிதித்தால் ஓடுகிற மோட்டாரில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும், சுற்றினால் தள்ளிவிடும். இன்னொன்று, எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்று அளந்து அதற்கேற்ப உதவும். முதலாவது மலிவு, கடையில் அதிகம் கிடைப்பதும் அதுதான். அதில் உங்கள் கால் வெறும் ஸ்விட்ச். நாற்பது கிலோமீட்டர் மிதித்தே பழகியவருக்கு அது ஓட்டுவதாகவே தோன்றாது.

அடுத்தது சட்டம். மோட்டார் 250 வாட்டுக்குள், அதன் உதவி 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் என்றால்தான் லைசென்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன் தொல்லை கிடையாது. ஐரோப்பாவிலும் ஏறக்குறைய இதே கதைதான். நியாயமான சட்டம். ஆனால் பாயின் கோஷ்டி சமதரையில் போவது 28-ல். அதாவது ஹைவேயில் மோட்டார் தூங்கிக்கொண்டிருக்கும், அதன் எடையை பாய் இழுத்துக்கொண்டு போவார், குண்டு டயர் வேறு.

ஏற்றத்திலாவது எடை கொல்லும் என்று நினைத்தேன். நான் பி.காம்., பத்தாவதோடு பிசிக்ஸுக்கு முழுக்குப் போட்டவன். எதிர் வீட்டு இன்ஜினீயரிங் மாணவனை உட்கார வைத்துக் கணக்குப் போட்டேன். ஆள் 70 கிலோ, ஏறும் உயரம் 600 மீட்டர் என்று வைத்துக்கொண்டோம். 13 கிலோ சைக்கிளை ஏற்ற சுமார் 136 வாட்-மணி சக்தி வேண்டும். 23 கிலோ சைக்கிளுக்கு 152. வித்தியாசம் 16தான்! சாதாரண பேட்டரிக்கு அது ஒரு வாய்த் தண்ணீர். மலையில் எடை ஒரு பொருட்டே இல்லை என்றான் பையன்.

பாயிடம் சொன்னேன். சிரித்தார். "என் வீடு மாடியில தம்பி. ஏலகிரி வாரத்துக்கு ஒரு நாள். மாடிப்படி தினமும் ரெண்டு தடவை."

இதைத்தான் எந்தக் கேட்டலாக்கும் சொல்வதில்லை. வயதானவருக்கு எடையின் கணக்கு மோட்டார் உதவாத இடத்தில்தான் வருகிறது. படியில், ரயில்வே மேம்பாலத்தில், சார்ஜ் தீர்ந்த பத்தாவது கிலோமீட்டரில்.

இலேசான வண்டி உலகத்தில் இல்லாமல் இல்லை. ஸ்பெஷலைஸ்டு கம்பெனி 2019-ல் கொண்டுவந்த கிரியோவில் உசத்தி மாடல் 12 கிலோ சொச்சம்தான். ஜெர்மன்காரர்களின் மாலே எக்ஸ்-35 என்கிற செட்டைப் பல கம்பெனிகள் பொருத்துகின்றன. பின்சக்கர அச்சில் மோட்டார், ஃபிரேம் குழாய்க்குள் 250 வாட்-மணி பேட்டரி, எல்லாம் சேர்த்து மூன்றரை கிலோ. பார்த்தால் மோட்டார் இருப்பதே தெரியாது. விலை லட்சங்களில். அந்தப் பணத்துக்கு இங்கே ஒரு நல்ல ஸ்கூட்டர் வாங்கி மிச்சத்தில் ஆயுசுக்கும் பிரியாணி சாப்பிடலாம். தவிர, நாற்பது டிகிரிக்கு மேல் கொளுத்துகிற நம்ம ஊர் மே மாசத்தில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் கிழடு தட்டும். குழாய்க்குள் ஒளித்து வைத்த பேட்டரியைக் கழற்றிப் பார்க்க வாணியம்பாடியில் யார் இருக்கிறார்கள்?

பாயின் தம்பி மகன் ஷூ கம்பெனி வேலையாக அடிக்கடி ஜெர்மனி போகிறவன். "நான் வரும்போது கொண்டாந்துடறேன் பெரியப்பா" என்றானாம். முடியாது. விமானத்தில் பயணிகள் கொண்டுபோகும் லித்தியம் பேட்டரிக்கு வரம்பு 100 வாட்-மணி. ஏர்லைன்ஸ் அனுமதித்தால் 160. 250-க்கு வழியே இல்லை.

கோஷ்டியில் ஒருத்தன், "மோட்டார் வெச்சா அது சீட்டிங் பாய்" என்று கிண்டலடித்திருக்கிறான். 2016-ல் பெல்ஜியத்தில் நடந்த உலக சைக்ளோகிராஸ் போட்டியில் ஃபெம்கே வான் டென் ட்ரீஷ் என்ற 19 வயதுப் பெண்ணின் சைக்கிளுக்குள் மோட்டார் கண்டுபிடித்து ஆறு வருஷம் தடை போட்டார்கள். அது போட்டி. 62 வயதில் ஏலகிரி ஏறுகிறவர் யாரை ஏமாற்றுகிறார்? முழங்காலைத்தானே. ஏமாற்றட்டுமே.

என் சிபாரிசு வேறாக இருந்தது. முதலில் கியர். பாயின் பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரத்துக்கு 28 பல். அதை 34 ஆக்கினால் ஒவ்வொரு மிதிக்கும் வேண்டிய அழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். வேகமும் குறையும், அது வேறு விஷயம். அதற்கேற்ற கியர் மாற்றியும் சேர்த்து சில ஆயிரங்களில் முடிகிற வேலை. எடை கூடாது, சார்ஜ் போட வேண்டாம், மாடிக்கும் தூக்கலாம். அதற்கும் மசியாத முழங்காலுக்குத்தான் மோட்டார். அப்போதும் 15 கிலோவுக்குள், அழுத்தம் அளக்கிற ஜாதி, த்ராட்டில் இல்லாதது. அது இங்கே நியாயமான விலையில் வரும்வரை 23 கிலோ எருமைக்குக் காசு கொடுக்காதீர்கள் என்றேன்.

மாற்றினார். போன ஞாயிறு ஏலகிரி போய்விட்டு போன் செய்தார். பதினாலு கொண்டை ஊசி வளைவு உள்ள மலை.

"ஏழாவது வளைவு வரைக்கும் ராஜா மாதிரி போனேன் தம்பி. அங்க உக்காந்துட்டேன். பாதி மோட்டார் எங்கயாவது விக்கிறானா, கேட்டுச் சொல்லு."