தடுப்பூசி முதலா, பள்ளிக்கூடம் முதலா?

கோவிட் பெருந்தொற்று பரவிய 2020 ஏப்ரலில் உலகெங்கும் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குப் பள்ளிக் கதவுகள் அடைபட்டிருந்தன. அவ்வாண்டு டிசம்பரில் தடுப்பூசி வந்தது. மருந்தோ குறைவு, அதற்காகக் காத்திருந்தோர் பல கோடி. ஆசிரியர்களுக்கு முன்னுரிமை தர வேண்டுமா? அவர்களுக்கு ஊசி போட்ட பிறகுதான் பள்ளியைத் திறக்க வேண்டுமா? இவ்வினாக்கள் 2021-இன் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெரும் வாதமாக வெடித்தன. இரு தரப்பினரும் "அறிவியல் எங்கள் பக்கம்" என்றனர். அந்த வாதம் எவ்வளவு தூரம் அறிவியல் முறையில் நடந்தது என்பதைச் சற்று ஆராய்வோம்.

முதலில் நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்திக்கொள்வோம். 2020 டிசம்பர் 20-இல் அமெரிக்கத் தடுப்பூசி ஆலோசனைக் குழு, மருத்துவப் பணியாளருக்கும் முதியோர் இல்லவாசிகளுக்கும் அடுத்த படியில் 75 வயதைக் கடந்தோரையும் ஆசிரியர் உள்ளிட்ட முன்களப் பணியாளரையும் வைத்தது. எனினும் இது பரிந்துரையே, முடிவெடுப்பவை மாநிலங்கள். 2021 பிப்ரவரி 3-இல் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இயக்குநர் ரோஷெல் வலென்ஸ்கி, பள்ளிகளைப் பாதுகாப்பாகத் திறக்க ஆசிரியர்களுக்கு ஊசி போட்டிருப்பது முன்நிபந்தனை அன்று என்றார். மறுநாளே வெள்ளை மாளிகை, அது அவருடைய சொந்தக் கருத்து என்று விலகிக்கொண்டது. மார்ச் 2-இல் அதிபர் பைடன், அம்மாத இறுதிக்குள் ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஊசியேனும் போட வேண்டும் என்றார். பிரிட்டனிலோ பிப்ரவரி 26-இல் தடுப்பூசிக் குழு, தொழில் பார்க்க வேண்டாம், வயது வரிசையே போதும் என்றது. மார்ச் 8-இல் இங்கிலாந்தின் பள்ளிகள் திறந்துவிட்டன.

திறக்கலாம் என்றவர்கள் பெரிதும் எடுத்துக்காட்டியது விஸ்கான்சின் மாநிலத்து வுட் கவுண்டி ஆய்வை. அங்கே 17 பள்ளிகளில் 2020 இலையுதிர்காலத்தில் மாணவர், பணியாளரிடையே 191 பேருக்குத் தொற்று கண்டது. அவற்றுள் பள்ளிக்குள்ளேயே தொற்றியவை என அறியப்பட்டவை ஏழுதான். அந்த எழுவரும் மாணவர்கள். இவ்வெண்கள் நம்பிக்கை ஊட்டுவன என்பதில் ஐயமில்லை. ஆனால் அது கிராமப்புறம். மாணவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முகக்கவசம் அணிந்திருந்தனர். சிறு சிறு குழுக்களாகப் பிரிந்திருந்தனர். நோய்க்குறி இல்லாதோரைத் தேடிச் சோதிக்கும் வழக்கமும் அங்கில்லை. இத்தனை நிபந்தனைகளோடு வந்த முடிவு, மேடைக்கு வரும்போது "பள்ளிகள் பாதுகாப்பானவை" என்று இரண்டே சொற்களாகச் சுருங்கிவிட்டது.

சில வாரங்களில் ஜார்ஜியா மாநிலத்திலிருந்து வேறோர் ஆய்வு வந்தது. தொடக்கப் பள்ளிகளில் கண்ட ஒன்பது தொற்றுத் தொகுதிகளில், இரண்டு தொகுதிகளில் நோய் ஆசிரியரிடமிருந்து ஆசிரியருக்கும், பின்பு அவரிடமிருந்து மாணவருக்கும் சென்றிருக்கக்கூடும் எனத் தெரிந்தது. பள்ளியில் தொற்றிய 31 பேரில் 15 பேர் இவ்விரண்டு தொகுதிகளைச் சேர்ந்தவர்கள். இதை ஆசிரியர் தரப்பினர் பிடித்துக்கொண்டனர். அங்கே இடைவெளி சரிவரக் காக்கப்படவில்லை, பல இடங்களில் முகக்கவசமும் ஒழுங்காக இல்லை என்ற பகுதி அவர்கள் வாதத்தில் இடம்பெறவில்லை. உண்மையில் இவ்விரு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. நிபந்தனை மாறினால் விளைவு மாறும் என்பதையே இரண்டும் சேர்ந்து சொல்கின்றன.

காற்றை மறந்த வாதம்

இருதரப்பும் சேர்ந்தே மறந்த ஒன்று உண்டு. பிப்ரவரி 12-இல் அமெரிக்க மையம் பள்ளிகளுக்கு ஐந்து முக்கிய நடவடிக்கைகளை வகுத்தது: முகக்கவசம், இடைவெளி, கைகழுவுதல், தூய்மை, நோயாளியுடன் பழகியோரைக் கண்டறிதல். காற்றோட்டத்துக்குத் தனி இடம் இல்லை. தூய்மையின் கீழ் ஒரு மூலையில் அது சொல்லப்பட்டது.

இயற்பியல் மாணவர் எவரும் இங்கே ஸ்டோக்ஸ் விதியை நினைவுகூரலாம். திவலையின் விட்டம் பத்தில் ஒன்றானால், அது விழும் வேகம் நூறில் ஒன்றாகக் குறையும். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து 100 மைக்ரான் திவலை சில நொடிகளில் தரையைத் தொடும். 10 மைக்ரான் திவலைக்கு ஏறத்தாழ 8 நிமிடம் ஆகும். ஒரு மைக்ரான் துகளுக்கோ, அசைவற்ற காற்றில் 13 மணி நேரத்துக்கும் மேல் பிடிக்கும். அதாவது ஆறடி இடைவெளி பெரிய திவலைகளுக்கு வேலி. நுண்துகள்களுக்கு வேலி அன்று.

2021 மே மாதம் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் நடந்தது இதற்குச் சான்று. ஊசி போடாத ஓர் ஆசிரியர், நோய்க்குறி இருந்தும் இரு நாள் வகுப்பெடுத்தார். சில வேளைகளில் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு உரக்கப் படித்துக்காட்டினார். மேசைகளுக்கிடையே ஆறடி இருந்தது. 24 மாணவரில் 12 பேருக்குத் தொற்றியது. முன்னிரு வரிசைகளில் பத்துப் பேரில் எட்டுப் பேர். பின்வரிசைகளில் பதினான்கு பேரில் நால்வர். அம்மாணவர்கள் ஊசிக்கு உரிய வயதை எட்டாதவர்கள். ஆசிரியருக்குப் போடும் ஊசி ஆசிரியருக்கு மட்டுமானதன்று என்பதையும், ஊசி ஒன்றே போதாது என்பதையும் இந்த ஒரே வகுப்பறை காட்டுகிறது.

வரிசையின் கணக்கு

பிரிட்டன் குழுவின் வாதம் வலிமையானது. கோவிடால் இறக்கும் அபாயம் வயதோடு பன்மடங்கு உயர்கிறது; 50 வயதைக் கடந்த ஆசிரியர்களும் தீவிர உடல்நலக் குறைவு உள்ளோரும் முதற்கட்டத்திலேயே இடம்பெற்றிருந்தனர்; தொழில்வாரியாகப் பட்டியல் தயாரித்தால் வேகம் குறையும். ஆனால் இது "தொற்றினால் யார் இறப்பார்?" என்ற கேள்விக்கு மட்டுமே விடை. "யார் படுத்தால் எந்தப் பணி நிற்கும்?" என்பது வேறு கேள்வி. ஓர் ஆசிரியர் படுத்தால் ஒரு வகுப்பே நின்றுபோகிறது.

அமெரிக்காவில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் சுமார் 37 லட்சம் பேர். 2021 மார்ச் தொடக்கத்தில் அங்கே நாளொன்றுக்குச் சுமார் 20 லட்சம் ஊசிகள் போடப்பட்டன. ஆகவே ஆசிரியர் அனைவருக்கும் முதல் ஊசி என்பது இரண்டு நாள் மருந்து! மற்றப் பணியாளரையும் சேர்த்தால் இன்னும் சில நாள். இரண்டு மாதம் நடந்த சச்சரவின் அளவு இவ்வளவே. மார்ச் முடிவில் ஆசிரியரிலும் பள்ளிப் பணியாளரிலும் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் ஓர் ஊசியேனும் பெற்றுவிட்டனர் என்பது, முடிவெடுத்தால் எவ்வளவு விரைவில் முடியும் என்பதற்குச் சான்று.

மறுபுறம், மாணவர் இழந்ததும் சிறிதன்று. அமெரிக்கத் தேசிய மதிப்பீட்டில் எட்டாம் வகுப்பின் சராசரிக் கணித மதிப்பெண் 2019-க்கும் 2022-க்கும் இடையே 8 புள்ளி சரிந்தது. பள்ளி மூடியது ஒன்றே காரணம் எனல் பொருந்தாது. அதற்குப் பங்கில்லை என்பதும் பொருந்தாது.

இந்தியாவிலும் 2021 ஆகஸ்டில், செப்டம்பர் 5 ஆசிரியர் தினத்துக்குள் ஆசிரியர்களுக்கு ஊசி போட மத்திய அரசு மாநிலங்களுக்கு 2 கோடிக்கும் மேற்பட்ட கூடுதல் ஊசிகளை அறிவித்தது. தமிழ்நாட்டில் 9 முதல் 12 வரையிலான வகுப்புகள் செப்டம்பர் 1-இல் திறந்தன. இங்கும் இரண்டு வேலைகளும் ஒருசேர நடந்தன.

எனவே "ஊசி முதலா, பள்ளி முதலா?" என்று கேட்டதே பிழை என்பது நம் கருத்து. மிக முதியோருக்கு அடுத்தபடியாக, நேரில் வகுப்பெடுக்கும் ஆசிரியருக்கு ஊசி போட்டிருக்க வேண்டும். அதற்காகக் காத்திராமல், சன்னலும் முகக்கவசமும் உறுதியான இடங்களில் சிறுவர் வகுப்புகளைத் திறந்திருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றுக்கொன்று பிணையாக வைத்ததால் இரண்டும் தாமதமாயின. இனி ஒரு தொற்று வரும்போது "அறிவியல் சொல்கிறது" என்று யாரேனும் தொடங்கினால், எந்த ஊரில், எந்த நிபந்தனையில் அப்படிச் சொன்னது என்று மாணவர்கள் எழுந்து கேட்க வேண்டும்.