பந்தியும் தலைமையும்: மாணவர் முகாம்களைக் குறித்து ஒரு திறனாய்வு

அமெரிக்க யூதப் பள்ளிகளில் 'ஷபாத்தோன்' என்னும் ஓய்வுநாள் முகாம் வழக்கில் உள்ளது. மாணவரிடையே ஐக்கியத்தையும் தலைமைப் பண்பையும் வளர்ப்பதே அதன் நோக்கம். வெள்ளி மாலை கதிரவன் மறையுமுன் விளக்கேற்றப்படுகிறது. சனி இரவு விண்மீன்கள் தோன்றுமட்டும் வேலை இல்லை. இடையே மூன்று வேளை உணவு. மன்னா இரட்டிப்பாய்ப் பெய்ததன் நினைவாக மேசையில் இரண்டு அப்பங்கள். உண்டபின் எழுந்து ஓடாமல் அமர்ந்து பாடுகின்றனர். 13 வயது நிரம்பிய மாணவன் ஜெபத்தை நடத்தலாம்; அதற்கு ரபீ வேண்டியதில்லை, 10 பேர் கூடினால் போதும். (வைதிக யூதர் அந்தப் பத்தில் பெண்களை எண்ணுவதில்லை, நாம் அதை ஏற்பதற்கில்லை.) அங்கே மேசையே ஆசிரியர் எனலாம்.

நம் முகாம்களை இதனருகே வைத்துப் பார்ப்போம். தளவாய்புரம் வட்டாரத்தில், தையல் தொழிலால் பிழைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கென நடந்த சில முகாம்களை நாம் அறிவோம். வேத ஆராய்ச்சியும் பாடலும் ஊக்கமாகவே நடந்தன. அவற்றைக் குறைத்துப் பேசோம். கடைசி மாலையில், நன்றாய்ப் பேசிய நால்வர் தலைவர்களாய் அறிவிக்கப்பட்டனர். ஆனால் நண்பகலில் பிள்ளைகள் வட்டம் வட்டமாய் அமர்ந்து உண்டபோது, அவ்வட்டங்கள் தெருவாரியாகவே அமைந்தன. எந்தத் தெரு என்றால் என்ன பொருள் என்பது நம் வாசகருக்குத் தெரியும். செய்தியாளர் தனி அறையில் உண்டார். எச்சில் இலையை எடுத்தவர்கள் சமையலுக்கு வந்த பெண்கள்.

இது சிறு காரியம் என்போர் சேரன்மாதேவியை நினைக்கட்டும். நாட்டுக்குத் தொண்டரையும் தலைவரையும் உருவாக்கவென்று வ. வே. சு. ஐயர் 1922இல் தொடங்கிய குருகுலம் அது. ஐயரின் கல்வியையோ நாட்டுப்பற்றையோ ஐயுறுவார் இல்லை. ஆயினும் பிராமணப் பிள்ளைகள் சிலருக்கு அங்கே தனிப்பந்தி இருந்தது. பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு என்றார் ஐயர். பொதுநிதி பெற்ற பள்ளியில் இது தகாது என்று டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தனர். 1925 ஜூன் மாதம், பாபநாசம் அருவியில் தம் மகளைக் காக்க முயன்று ஐயர் மாண்டார். அவ்வாண்டு நவம்பரில் பெரியார் காங்கிரசைவிட்டு வெளியேறினார். நேர்க்காரணம் வகுப்புரிமைத் தீர்மானமே. எனினும் அக்கசப்பில் இப்பந்திக்கும் பங்குண்டு. பெற்றோர் மனம் வருந்துமே என்னும் அதே சொல்லை நம் பள்ளித் தாளாளர்களும் இன்று சொல்லக் கேட்கிறோம்.

யூதரின் பந்தியும் புறத்தாரை விலக்கியதுதானே என்று மாணவர் ஒருவர் வினவக்கூடும். நியாயமான வினா. உணவு விதிகளால் அது புறத்தாருக்கு எல்லை வகுத்தது உண்மை. பேதுருவே அந்தியோகியாவில் அதில் இடறினார். ஆனால் ஷபாத்தோன் மேசையில் அமர்ந்தவர்களுக்குள் இன்ன தெரு என்னும் பிரிவினை இல்லை. நம்முடையதோ ஞானஸ்நானம் பெற்றவருக்குள்ளேயே எல்லை வகுக்கிறது.

அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில் எழுவர் தெரிந்துகொள்ளப்பட்டதற்குப் பேச்சுவன்மை காரணமன்று. விதவைகளின் பந்தியில் நேர்ந்த ஓரவஞ்சனையே காரணம். எனவே முகாம் நடத்துவோர் செய்திகளில் ஒன்றைக் குறைத்து, அந்நேரத்தைச் சமையற்கட்டுக்குக் கொடுக்கட்டும். பரிமாறும் முறையும் இலை எடுக்கும் முறையும் சீட்டுப் போட்டு அமையட்டும். ஆயரின் பெயரும் அச்சீட்டுகளில் இருக்கட்டும். தலைவர்களை அறிவிப்பதை மூன்றாம் நாள் இரவு உணவுக்குப்பின் வைத்துக்கொள்ளலாம்.